கிழக்கே பார்த்த அறை

வேங்கிக்கால்,
12 பிப்ரவரி 2024

அன்புத் தங்கை அருணாதேவிக்கு,

அக்கா உண்ணாமலை எழுதுவது. இங்கே நானும் உன் மாமாவும் அம்மாவும் சுகம். அகமதாபாத்தில் நீயும் அருள்ராஜ் தம்பியும் கவிநிலாவும் சுகமாக இருக்க அண்ணாமலையார் துணை இருக்கட்டும்.

ஐம்பது வயதில் எனக்கும் நாற்பத்தைந்து வயதில் உனக்கும் போனில் பேசத் தடை. ஆபீசில் சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லை. காரணம் உனக்குத் தெரியும், ஆனாலும் எழுத்தில் இருக்கட்டும். அப்பாவின் திதிக்கு நான் அம்மாவோடு எடுத்த போட்டோவை வாட்ஸ்அப்பில் டிபியாக வைத்தேன். 'அம்மாவின் நிழலில்' என்று எழுதியதைத் தவிர நான் செய்த குற்றம் ஒன்றுமில்லை. நீ போன் போட்டு, "நிழல்ல ஒக்காந்திருக்கவங்க ஃபோட்டோ புடிச்சிக் காட்டுறீங்களா?" என்று கத்தினாய். நான் பதிலுக்குச் சொன்னதை இப்போது கிளற வேண்டாம். ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அம்மா போனைப் பிடுங்கினாள்.

"இந்த வருஷம் பூரா ரெண்டு பேரும் போன்ல பேசக் கூடாது. வாட்ஸ்அப்பும் கூடாது. என் மேல சத்தியம். ஏதாச்சும் சொல்லணும்னா தபால்ல எழுதுங்க. எழுதறதுக்குள்ள கை வலிக்கும், பாதி சண்டை கம்மியாயிடும்" என்றாள்.

எனக்குக் கை வலிக்கவில்லை. ஆபீசில் முப்பது வருஷமாக எழுதுகிற கை.

அம்மாவைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். பிரஷருக்காக உப்பைப் பாதியாகக் குறைத்துவிட்டேன். அடுப்படிக்கு வரவே விடுவதில்லை. சாயங்காலம் மொட்டை மாடியில் நடக்க வைக்கிறேன், மாமா நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறார். பெற்றவளை வைத்துப் பார்க்கும் பாக்கியம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. உனக்கு வாய்க்கவில்லை என்பதில் எனக்கும் வருத்தம்தான்.

பதில் போடு.

உன் அக்கா
உண்ணாமலை

*

அகமதாபாத்,
26 பிப்ரவரி 2024

அக்காவுக்கு,

அருணாதேவி. நாங்கள் மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம். அங்கே அம்மாவும் மாமாவும் நலமா? நீ நலமாகத்தான் இருப்பாய், கடிதத்திலேயே தெரிகிறது.

உன் வருத்தத்துக்கு நன்றி. அதைப் படித்துவிட்டு டியூஷன் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டுக் கொடுத்தேன்.

உப்பில்லாத சோறு, அடுப்படிக்குள் வரத் தடை, மாடியில் நடை, நாற்காலியில் காவல். அக்கா, இதை ஜெயில் என்று சொல்வார்கள். அம்மா கீழ்பென்னாத்தூரில் நம் வீட்டிலும் நிலத்திலும் ஓடியாடி இருந்தவள். கடலை பிடுங்க வந்தவர்களுக்கெல்லாம் ஒற்றை ஆளாகப் பொங்கிப் போட்டவள். அவளைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு டிபி வைக்கிறாய்.

எனக்கு வேண்டியது இரண்டு. ஒன்று, அந்தப் போட்டோவை எடு. இரண்டு, ஆறு மாதமாவது அம்மாவை என்னிடம் அனுப்பு. இங்கே அவளுக்காகக் கிழக்கே பார்த்த அறை ஒன்று தயாராக இருக்கிறது. காலை வெயில் கட்டில் வரைக்கும் வரும். பால்கனியில் துளசி வைத்திருக்கிறேன். நீ ஒருநாளும் அனுப்பமாட்டாய் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்கிறேன், கேட்கவில்லை என்று பின்னால் சொல்வாய்.

மாமாவுக்கு மூட்டு வலி குறைந்ததா? கலையரசன் கோயம்புத்தூரிலிருந்து வந்தானா? சித்தி கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அருணா

*

வேங்கிக்கால்,
20 மார்ச் 2024

அருணாதேவிக்கு,

நானும் உன் மாமாவும் சுகம். அங்கே அனைவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நீ கேட்டபடியே ஆகிவிட்டது. திருப்திதானே? இதைப் பற்றி மேற்கொண்டு எழுதவோ கேட்கவோ எனக்கு விருப்பமில்லை. நீயும் எழுத வேண்டாம்.

இங்கே வெயில் இப்போதே ஆரம்பித்துவிட்டது. வீடு பெரிதாகத் தெரிகிறது. மாமா டிவியை முன்னைவிடச் சத்தமாக வைக்கிறார். நானும் குறைக்கச் சொல்வதில்லை. கலையரசன் வரவில்லை, வேலை அதிகமாம்.

உண்ணாமலை

*

அகமதாபாத்,
8 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்கா,

எல்லோரும் நலம். நீயும் மாமாவும் நலமாக இருக்க வேண்டும்.

உன் கடிதம் வருவதற்கு முன்பே கவிநிலா அவள் போனில் காட்டினாள். அம்மா போட்டோவை எடுத்துவிட்டு வெறும் மலையை வைத்திருக்கிறாய். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? உனக்கு விட்டுக்கொடுக்கவே வராது என்று அவரிடம் பந்தயம் கட்டியிருந்தேன், தோற்றுவிட்டேன். வலித்திருக்கும், தெரிகிறது. ஆனால் இத்தனை வருஷம் நீதானே அனுபவித்தாய்? கொஞ்ச நாள் நானும் ஜெயித்துக்கொள்கிறேனே.

இரண்டாவது விஷயத்தைப் பற்றி நான் எழுதக் கூடாது என்கிறாய். சரி, நானும் கேட்கப் போவதில்லை. அம்மாவே சொல்லிவிட்டாள், "அக்காவுக்கு எழுதறப்ப என்ன பத்தி ஒரு வார்த்தை எழுதாத, எழுதினா அவளுக்குப் பெருமை ஜாஸ்தியாயிடும்" என்று. அதனால் எழுதவில்லை. அவள் குரல் இப்போதெல்லாம் நன்றாக இருக்கிறது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். பாராட்டாக வைத்துக்கொள்.

அன்புடன்,
அருணா

*

வேங்கிக்கால்,
30 ஏப்ரல் 2024

அருணாதேவிக்கு,

இவ்விடம் சுகம். உன் உடம்பு, தம்பியின் உடம்பு, கவிநிலாவின் படிப்பு எல்லாம் நன்றாக இருக்கட்டும்.

நீ எழுதிய ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை படித்தேன். ஜெயித்துக்கொள், தாராளமாக. பாராட்டும் கிடைத்தது, மிக்க நன்றி. அம்மாவின் குரல் நன்றாக இருக்கிறதென்று நீ எனக்குச் சொல்கிறாயா? எனக்கும் காது இருக்கிறது. எனக்கும் அம்மா வாரம் தவறாமல், நான் ஆபீசில் இருக்கும்போது போன் போடுகிறாள். என்னிடமும் அதையேதான் சொன்னாள், உனக்கு எழுதும்போது தன்னைப் பற்றி எழுதக் கூடாதென்று. எழுதினால் நீ தலைகால் தெரியாமல் ஆடுவாயாம்.

எனவே எழுதவில்லை. ஆனால் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. போனில் பேசும்போது பின்னால் ஒரே பாத்திரச் சத்தம். யாரோ 'இட்லி, இட்லி' என்று கூப்பிடுகிறார்கள். அம்மா பாதிப் பேச்சில், "இரு, அடுப்பப் பாத்துட்டு வரேன்" என்று போய்விடுகிறாள். அறுபத்தெட்டு வயது மனுஷியை அடுப்படியில் நிற்க வைப்பது அழகல்ல. யாரைச் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும்.

சித்ரா பௌர்ணமிக்கு வந்த கூட்டம் இன்னும் ஊரைவிட்டுப் போன மாதிரி தெரியவில்லை. இரண்டு நாள் ஆபீஸ் போகவர பஸ் கிடைக்கவில்லை. எனக்குத் தூக்கம் சரியில்லை, வேறொன்றுமில்லை.

உண்ணாமலை

*

அகமதாபாத்,
20 மே 2024

அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன்.

நான் எழுத நினைத்து அடக்கிவைத்திருந்ததை நீ என்னைப் பார்த்து எழுதியிருக்கிறாய். உன் ஆபீசுக்குக் கேட்கும் அந்தப் பாத்திரச் சத்தம் இங்கே எனக்கும் கேட்கிறது அக்கா. நீதான் பிப்ரவரியில் எழுதினாய், அடுப்படிக்கு வரவே விடுவதில்லையென்று. இப்போது அவளை நிற்க வைத்துவிட்டு என்னிடம் நியாயம் பேசுகிறாயா? பின்னால் யாரோ ஒரு பெண் இங்கிலீஷில் சிரிக்கிறாள். உன் வீட்டுக்கு யார் வருகிறார்கள்? மேல்மாடியை வாடகைக்கு விட்டுவிட்டாயா? போன வாரம் அம்மா 'முழங்கால் கொஞ்சம் புடிக்குது' என்று சொல்லிவிட்டு உடனே பேச்சை மாற்றினாள். அதற்கப்புறம் எனக்கு இங்கே ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. துணி மடித்தால் பாதியில் விடுகிறேன். குக்கர் எத்தனை விசில் விட்டது என்று கவிநிலாதான் சொல்கிறாள்.

போதும். உன் கௌரவம், என் கௌரவம் எல்லாம் போதும். ஜூன் மாதம் நானே உன் வீட்டுக்கு வந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறேன். அவள் துணிமணியை எடுத்து வை. தடுக்காதே.

அருணா

*

வேங்கிக்கால்,
27 மே 2024

அருணா,

என் வீட்டுக்கு வந்து கூட்டிக்கொண்டு போகிறாயா? யாரை? எங்கிருந்து?

அம்மா உன்னோடுதானே இருக்கிறாள்? மார்ச் மாதம் அவளே, "அருணா கூப்பிட்டுக்கினே இருக்கா, ஆறு மாசம் போயிட்டு வரேன்" என்றாள். அருள்ராஜ் தம்பி கம்பெனி வேலையாகச் சென்னைக்கு வந்திருப்பதாகவும், அவரே ரயில் ஏற்றிக்கொள்வார் என்றும் சொன்னாள். நான்தான் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ச் சென்னை பஸ்ஸில் ஜன்னலோர சீட் பிடித்துக் கொடுத்தேன். அவள் போகிறேன் என்று சொன்னதில் எனக்கு மனசு ஆறவில்லை, அதனால் கூடப் போகவில்லை. மூன்றாம் நாள் போன் போட்டு, "வந்து சேந்துட்டேன், இங்க வெயில் ஜாஸ்தி" என்றாள். நம்பினேன். நம்பாமல் இருக்க என்ன

இதை உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்க எனக்கென்ன பைத்தியமா? போனை எடுக்கிறேன். சத்தியமாவது ஒன்றாவது.

மறுநாள்:

மேலே எழுதியதை அப்படியே அனுப்புகிறேன். நேற்று போனில் நீயும் அழுது நானும் அழுததில் யார் என்ன சொன்னோம் என்று இருவருக்கும் தெரியாது. உன்னிடம் வைத்தவுடன் அம்மாவுக்குப் போட்டேன். மாமாதான் நம்பரை அழுத்திக் கொடுத்தார்.

"அம்மா, எங்கம்மா இருக்க?"

"ஏன், அருணா ஊட்லதான்."

"அருணா கிட்ட பேசிட்டேன்."

பின்னால் யாரையோ அடுப்பைக் குறைக்கச் சொன்னாள். அப்புறம், "சத்தியத்த மீறிட்டீங்களா ரெண்டு பேரும்?" என்றாள்.

"அம்மா, நீ உசுரோட இருக்கியான்னு தெரியாம..."

"உசுரோட இல்லாமயா பேசுறேன்? அழாத. நல்லாதான் இருக்கேன். இங்க பதினோரு பேரு சாப்புட ஒக்காந்துக்கினு இருக்காங்க. எழுதறேன்."

வைத்துவிட்டாள். அப்புறம் எடுக்கவேயில்லை. உயிரோடு இருக்கிறாள் என்ற நிம்மதி ஒரு மணி நேரம் இருந்தது. அதற்கப்புறம் வந்த கோபம் இன்னும் போகவில்லை. உனக்குத் தெரிந்தால் சொல்.

அக்கா

*

செங்கம் ரோடு, திருவண்ணாமலை,
1 ஜூன் 2024

என் பிள்ளைகள் உண்ணாமலைக்கும் அருணாவுக்கும்,

அம்மா சரோஜா எழுதுவது. நான் நலம். பிரஷர் மாத்திரை தவறாமல் போடுகிறேன். நீங்கள் இருவரும், மாப்பிள்ளைகளும், பேரன் பேத்தியும் நலமாக இருக்க வேண்டும். இரண்டு பேருக்கும் ஒரே கடிதம்தான். ஒன்று கையெழுத்து, ஒன்று ஜெராக்ஸ். யாருக்கு எது என்று சீட்டுக் குலுக்கி அனுப்பியிருக்கிறேன். அதற்கு ஒரு சண்டை வேண்டாம்.

நான் எங்கேயும் தொலைந்து போகவில்லை. சென்னை பஸ்ஸில் உண்ணாமலை ஏற்றிவிட்டாள். கீழ்பென்னாத்தூர் வந்ததும் இறங்கிவிட்டேன். ஆராயி வீட்டில் இரண்டு நாள் இருந்தேன். ஆராயியை உங்களுக்குத் தெரியும், என்னோடு கடலை பிடுங்க வந்தவள். அவள் மகன் மூர்த்தி ரமணாசிரமம் பக்கத்தில் விடுதி வைத்திருக்கிறான். தங்குபவர்களுக்குக் காலையும் மதியமும் சமைக்க ஆள் வேண்டும் என்றான். மூன்றாவது மாடியில் எனக்கு ஒரு ரூம். வெங்காயம் உரிக்க, பாத்திரம் கழுவ இரண்டு பொம்பளைகள் இருக்கிறார்கள். நான் நின்று சொன்னால் போதும். கால் வலித்தால் உட்கார்ந்து சொல்கிறேன்.

ஏன் சொல்லாமல் வந்தேன் என்று கேட்பீர்கள். சொன்னால் விட்டிருப்பீர்களா?

உண்ணாமலை என்னை நன்றாகத்தான் வைத்திருந்தாள். குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான் தண்ணீர் குடித்தால்கூட அதைத் தங்கச்சிக்குக் காட்ட வேண்டியிருந்தது. அருணாவுக்கு நான் வேண்டும். ஆனால் அக்காவிடம் இருந்து எடுத்த அம்மாவாகத்தான் வேண்டும். பந்தயத்தில் கொடுக்கிற கோப்பையைப் பார்த்திருக்கிறீர்களா? இவன் வீட்டில் ஒரு வருஷம், அவன் வீட்டில் ஒரு வருஷம். அதற்குள் ஒருத்தரும் தண்ணீர் ஊற்றிக் குடிக்க மாட்டார்கள். அந்த மாதிரி இருந்தது எனக்கு.

போனில் பேசக் கூடாது என்று சத்தியம் வாங்கினது சண்டைக்குப் பயந்து இல்லை. நீங்கள் பேசிக்கொண்டால் நான் மாட்டிக்கொள்வேன். அதனால்தான். கவிநிலாவைத் திட்டக் கூடாது. அங்கே மழையா வெயிலா என்று அவள்தான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

என்னைப் பார்க்க வரலாம். ஆனால் இரண்டு பேரும் சேர்ந்து வர வேண்டும். தனியாக யார் வந்தாலும் கதவைத் திறக்க மாட்டேன். மூர்த்தியிடமும் சொல்லிவைத்திருக்கிறேன்.

அம்மா
சரோஜா

*

அகமதாபாத்,
10 ஜூன் 2024

அன்புள்ள அக்கா,

உடம்பு எப்படி இருக்கிறது? தூக்கம் வருகிறதா? எனக்கு வரவில்லை. அவர் நன்றாகத் தூங்குகிறார், அது வேறு எரிச்சல்.

எனக்கு வந்தது ஜெராக்ஸ். உனக்குத்தான் கையெழுத்து வந்திருக்கும். சீட்டுக்கூட உன் பக்கம்தான் விழுகிறது. சரி, சண்டை வேண்டாம்.

கவிநிலாவைத் திட்டவில்லை. இரண்டு நாள் பேசாமல் இருந்தேன், அவ்வளவுதான். "பாட்டி கேட்டாங்க, நான் சொன்னேன். நீ கேட்டிருந்தா உனக்கும் சொல்லியிருப்பேன்" என்கிறாள். யாரைப் போல வந்து பிறந்திருக்கிறாள் பார்.

நேற்று போனில் பேசினோமே, எத்தனை நிமிஷத்தில் சண்டை வந்தது என்று கவனித்தாயா? அம்மாவிடம் யார் முதலில் பேசுவது என்பதில் வந்தது. அதனால் எழுதியே முடிவு செய்வோம். 29ஆம் தேதி வருகிறேன். உன் வீட்டில் இறங்கி இருவரும் சேர்ந்தே போவோம். நான் அழமாட்டேன், நீ ஆபீஸ் பாஷை பேசக் கூடாது. வீட்டுக்கு வந்துவிடு என்று சொல்வோம். யார் வீட்டுக்கு என்பதைச் சொல்லாமல் சொல்வோம். அவளே தேர்ந்தெடுக்கட்டும்.

அம்மாவுக்கு எதிராக நாம் இருவரும் ஒரே பக்கம் நிற்பது இதுதான் முதல் தடவை. நினைத்தால் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

அருணா

*

அகமதாபாத்,
22 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்ததைப் போனில் சொன்னேன். இங்கே நல்ல மழை. எல்லோரும் நலம். மாமாவின் மூட்டுக்கு நான் வாங்கிக் கொடுத்த தைலத்தைத் தேய்க்கிறாரா?

அன்றைக்கு அம்மாவிடம் நடந்ததை நீ மாமாவிடம் ஒரு மாதிரியும் கலையரசனிடம் வேறு மாதிரியும் சொல்லியிருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். நான் அழுதேனாம், நீ பேசி முடித்தாயாம். அதனால் நடந்ததை நான் எழுதிவைக்கிறேன்.

மூன்று மாடி ஏறிப் போனோம். நீ இரண்டாவது மாடியிலேயே மூச்சு வாங்கினாய். அம்மா கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்து, "வாங்க, ஒக்காருங்க, இவங்க சாப்புட்டு முடிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கட்டிப்பிடிக்கவில்லை, கண்கலங்கவில்லை. வெள்ளைக்காரர்களுக்கு நடுவில் நாம் இருவரும் பிளாஸ்டிக் நாற்காலியில் விருந்தாளிபோல உட்கார்ந்திருந்தோம். தட்டு வந்தது. கோபத்தோடு நீ ஆறு இட்லி சாப்பிட்டாய். அம்மா நம்மைக் காட்டி "மை டாட்டர்ஸ்" என்றாள். பக்கத்திலிருந்த ஒரு வெள்ளைக்காரம்மா என்னைக் காட்டி, இங்கிலீஷில், "இவங்கதான் மூத்தவங்களா?" என்று கேட்டாள். அதை மட்டும் நீ எல்லோரிடமும் மறக்காமல் சொல்லியிருக்கிறாய்.

அப்புறம் அம்மா வந்து கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "வீட்டுக்கு வந்துடும்மா" என்று சேர்ந்து சொன்னோம். "எந்த வீட்டுக்கு?" என்றாள். பேசிவைத்தபடி நாம் இருவரும் வாயைத் திறக்கவில்லை. அவள் என் பக்கம் திரும்பினாள்.

"ஏன்டி அருணா, கெழக்கப் பாத்த ரூம், கெழக்கப் பாத்த ரூம்னு சொன்னியே, அந்த ரூம் எங்கடி இருக்குது? சின்ன வீட்டுக்கு மாறி ஒரு வருஷம் ஆவுதாமே? கவிநிலா ஹால்ல படுக்கிறாளாமே? நான் நெசமாவே பெட்டியோட வந்து நின்னிருந்தா என்னாடி பண்ணியிருப்ப?"

அருள்ராஜ் கம்பெனியில் ஷிப்டைக் குறைத்தபிறகு வீடு மாறியதும் உனக்குப் புது விலாசத்தை மட்டும் கொடுத்தேன், வீடு சின்னது என்று சொன்னதில்லை. உன்னிடம் சொல்வதைவிட வேறு எதையும் செய்திருப்பேன். தலையைக் குனிந்துகொண்டேன். நீ சிரிப்பாய் என்று காத்திருந்தேன்.

நீ சிரிக்கவில்லை. "அந்த ரூமுக்குப் பெயிண்ட் அடிக்கிறாங்கம்மா, அதான் அவ ஹால்ல படுக்கிறா. எனக்கு எப்பவோ எழுதிட்டா அருணா. நீ எதுக்கு எல்லார் முன்னாடியும் அவளக் கேள்வி கேக்குற?" என்று அம்மாவைப் பார்த்துக் கத்தினாய்.

அம்மா உன்னைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நம்பவில்லை என்று அவள் முகத்திலேயே தெரிந்தது. அதற்கப்புறம்தான் அவள் அழுதாள், அக்கா. நான் இல்லை. முதலில் அழுதது அம்மா. "இத்தன வயசுக்கு இன்னிக்குத்தான்டி ஒருத்திக்காக ஒருத்தி பேசிப் பாத்தேன்" என்றாள். பொங்கலுக்கு ஒரு வீடு, ஆடிக்கு ஒரு வீடு, நினைத்தபோது வருவேன், நினைத்தபோது போவேன் என்று அவளே முடிவு சொன்னாள். மதியச் சமையலுக்கு நேரமாகிறது, கிளம்புங்கள் என்று அனுப்பிவிட்டாள். நாம் என்ன பேசி முடித்தோம்? ஒன்றுமில்லை.

நீ சொன்ன அந்தப் பொய்யை மாமாவிடமும் சொல்லவில்லை, கலையரசனிடமும் சொல்லவில்லை. என் வீட்டில் ரூம் இல்லை என்பதையும் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. கைக்கு வந்த ஆயுதத்தை இப்படி விட்டுவிட்டாயே, உனக்கு உடம்பு சரியில்லையா?

உன்
அருணா

*

வேங்கிக்கால்,
18 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அருணாவுக்கு,

சுகம். மாமா தைலம் தேய்க்கிறார், வீடே மணக்கிறது. தம்பிக்கு ஷிப்டு சரியானதா? கவிநிலா இப்போது எங்கே படுக்கிறாள் என்று நான் கேட்கவில்லை.

உன் கடிதத்தில் இரண்டு பிழைகள். நான் சாப்பிட்டது நான்கு இட்லி. மூச்சு வாங்கியது மூன்றாவது மாடியில்.

மற்றவற்றுக்குப் பதில் எழுத உட்கார்ந்து மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. நீ தலையைக் குனிந்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது. உன்னை நான் எத்தனையோ தடவை தலைகுனிய வைக்கப் பார்த்திருக்கிறேன். இன்னொருத்தர் வைக்கும்போது அது பார்க்கச் சகிக்கவில்லை. பெற்றவளே ஆனாலும்.

எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. ஆபீஸ் விட்டு வந்தால் எதையோ மறந்துவிட்ட மாதிரி ஒவ்வொரு ரூமாகப் போய்ப் பார்க்கிறேன். "என்ன தேடுற?" என்கிறார் மாமா. பதில் தெரிந்தால்தானே. முந்தாநாள் தாங்காமல் செங்கம் ரோட்டுக்கு ஆட்டோ பிடித்துப் போனேன். அம்மா வெளிநாட்டுக்காரர்கள் நாலு பேரோடு காய் வாங்கிக்கொண்டு வந்தாள். ஏதோ சொல்லிச் சிரித்தாள், அவர்களும் சிரித்தார்கள். நான் ஒரு பழ வண்டிக்குப் பின்னால் நின்றுவிட்டேன். கூப்பிடவில்லை. நீ இல்லாமல் தனியாகப் போனால் கதவைத் திறக்க மாட்டாளே. திரும்பி வரும்போது நினைத்துக்கொண்டேன்: அம்மா இங்கே இருந்த காலம் முழுவதும் நான் அவளோடு உட்கார்ந்து பேசினது ரொம்பக் கம்மி. பேசினதெல்லாம் உன்னோடுதான். மனசுக்குள் நாள் முழுக்க உனக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருப்பேன். இப்போது அதுவும் நின்றுபோய் வீடு காலியாகிவிட்டது.

தீபாவளிக்கு வா. அம்மா ஊரில் இருக்க மாட்டாள். ஆராயியோடு காசிக்குப் போகிறாளாம். உனக்கும் எனக்கும் வராத அழைப்பு ஆராயிக்குப் போயிருக்கிறது. அதைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும். ஆனால் அம்மா இல்லாத நாளாகப் பார்த்துத்தான் உன்னைக் கூப்பிடுகிறேன். புரிகிறதா? என்னைப் பார்க்க வா.

வரமுடியாவிட்டால் காரணம் எழுதாதே. வரவில்லை என்று மட்டும் எழுது.

அக்கா
உண்ணாமலை

*

அகமதாபாத்,
2 செப்டம்பர் 2024

அக்கா,

நலம், நலம், எல்லோரும் நலம். நீயும் மாமாவும் அப்படியே இருங்கள்.

உன் கடிதத்தை அடுப்படியில் நின்றே படித்தேன். பால் பொங்கி வழிந்துவிட்டது. அவர் எட்டிப் பார்த்து, "அக்காகூட திரும்பவும் சண்டையா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

மூன்று பேருக்கும் டிக்கெட் எடுத்துவிட்டேன். அவரும் கவிநிலாவும் தீபாவளி முடிந்த இரண்டாம் நாள் கிளம்பிவிடுவார்கள். நான் ஒரு வாரம் இருக்கிறேன். உன்னோடு சண்டை போடாமல் இரண்டு நாளைக்கு மேல் என்னால் இருக்க முடியாது என்று உனக்கும் தெரியும். அதனால்தான் ஒரு வாரம். சண்டை போட்டு, பேசாமல் இருந்து, திரும்பப் பேசவும் நாள் வேண்டுமே.

கதவைத் திறந்து வை.

உன் தங்கை
அருணாதேவி